குருங்-அலாஸின் நீலப் புள்ளி

உறைமண்ணுக்கென்று உலகத்தில் ஒரு தனி வரைபடம் உண்டு. ஆண்டு முழுவதும் உருகாமல் மண்ணுக்கடியில் படுத்துக் கிடக்கும் குளிரை, இருபது சொச்சம் நாடுகள் ஒன்றுகூடி, குழி தோண்டி, குழிக்குள் வெப்பமானி கட்டிய கயிற்றை இறக்கி, நோயாளிக்கு நாடி பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்க்கின்றன. சூடேறும் இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. சூடேறாத இடத்துக்கு நீலப் புள்ளி. அலாஸ்கா சிவப்பு, நார்வே சிவப்பு, சைபீரியா முழுக்க அம்மை வார்த்தாற்போலச் சிவப்பு. அந்த அம்மைக்கு நடுவே, லேனா ஆற்றுக்குக் கிழக்கே, யாக்கூத்திய மண்ணில் ஒரேயொரு புள்ளி மட்டும் ஒன்பது ஆண்டுகள் நீலமாகவே நின்றது. அந்த ஊரின் பெயர் குருங்-அலாஸ்.

இந்தப் புள்ளியைப் பற்றி அறிஞர் பெருமக்கள் எழுதிய கட்டுரைகளை அடுக்கிவைத்தால் மாடு ஒன்று அதன்மேல் ஏறிக் கூரையை நக்கலாம். அவற்றில் பாசியின் பங்கு ஆராயப்பட்டிருந்தது. களிமண்ணின் பங்கு ஆராயப்பட்டிருந்தது. காற்றின் பங்கு மட்டும் நான்கு பக்கங்களுக்கு வீசியது. ஆராயப்படாமல் விடுபட்ட ஒரே சங்கதி, அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த கொபொரோஸ் என்னும் பெண்மணி.

அரசாங்கத் தாள்களில் அவள் ஃபெவ்ரோனியா. ஊர் நாக்கு அந்தப் பெயரை அரைத்து, சலித்து, கொபொரோஸ் ஆக்கிவிட்டது. குள்ளமான உடம்பு, அகலமான தோள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்முன் எதிராளியின் பூட்ஸைப் பார்க்கும் கண். சேறோடு பள்ளிக்குள் நுழைந்தவன் பையனானாலும் தலைமை ஆசிரியரானாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் மானம் குளிர்காலத்தில் முற்றத்தில் தெரியும். பனி விழுந்து, விடிந்து, தேநீர் கொதிக்கும்முன் முற்றம் பெருக்கியிருக்க வேண்டும். பெருக்காத முற்றத்தைக் கண்டால் வழியில் போகிறவர்கள் கதவைத் தட்டி, "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்று கேட்பார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள். கொபொரோஸின் கணவன் கபிரில் குதிரை மேய்ப்பவன். பெண் பார்க்கப் போன கதையை நாற்பது ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் சொல்லிவருகிறான்: "நான் முத்தத்தைப் பாத்தேன். அப்படி ஒரு முத்தம். அதுலயே மயங்கி, பொண்ணைப் பாக்க மறந்துட்டேன். கல்யாணம் முடிஞ்சப்பறம்தான் பாத்தேன்."

"பாத்தப்பறம் ஓடியிருக்கலாமே," என்பாள் கொபொரோஸ்.

"வழுக்குச்சு. அவ்வளவு சுத்தமாப் பெருக்கி வெச்சிருந்த."

குழி தோண்டப்பட்டது ஒரு ஜூலையில். கொசுவலைத் தொப்பியும் தடித்த கையுறையுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அதில் நெட்டையாக இருந்தவர் ஹால்வர், நார்வேக்காரர். கூடவே யாக்கூத்ஸ்க் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து குன்னெய் என்ற இளம்பெண், அந்த மண்ணின் பிள்ளைதான். பள்ளிக்கூடத்துப் பின்முற்றத்தில் ஆழமாகத் துளை போட்டார்கள். குழாய் இறக்கினார்கள். வெப்பமானிக் கயிற்றை விட்டு, மூடி போட்டு, சுற்றி வேலி கட்டினார்கள். ஆண்டுக்கொருமுறை வந்து, உள்ளே தானாகப் பதிவாகியிருக்கும் அளவுகளை எடுத்துப்போவார்கள். நடுவில் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஊர்த்தலைவர் பஹிலாய் சற்றும் யோசிக்காமல் கொபொரோஸைக் கைகாட்டினார்.

குன்னெய் அவளிடம் விளக்கினாள். "அக்கா, வேலிக்குள்ள மாடு வரக் கூடாது. நாய் வரக் கூடாது. பசங்க குழாய்க்குள்ள கல்லு போடக் கூடாது. யாரும் மண்ணைக் கிண்டக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? இத்தனை நாடு சேந்து இவ்வளவு ஆழத்துக்குக் குழி போட்டுட்டு, மாடு வராமப் பாத்துக்கன்னு சொல்றீங்க. மாட்டை வெரட்ட எங்க ஊரு ஒண்ணே போதாதாம்மா?"

என்ன சொல்கிறார் என்று ஹால்வர் கேட்டார். இந்தப் பொறுப்பைப் பெருமையாகக் கருதுவதாகச் சொல்கிறார் என்று குன்னெய் மொழிபெயர்த்தாள். ஹால்வர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

பனியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. வியர்த்துக்கொண்டு கொசு அடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பனி நினைவில் வரவில்லை. கொபொரோஸுக்கோ, தான் பெருக்குவேன் என்பதைச் சொல்லவேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை. நான் மூச்சு விடுவேன் என்று யாராவது வேலைக்குச் சேரும்போது சொல்வார்களா?

அக்டோபரில் முதல் பனி விழுந்தது. பள்ளி முற்றத்தை வழக்கம்போல் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பெருக்கி முடித்தவள், வேலிக்கு வெளியே நின்று ஒரு கணம் பார்த்தாள். உள்ளே மட்டும் பனி கிடந்தது. அது கண்ணுக்குள் விழுந்த தூசிபோல உறுத்தியது. வெளிநாட்டுக்காரர்கள் நம்பி விட்டுப்போன இடம் இப்படியா கிடக்கும்? மாடு வரக்கூடாது என்றார்களே ஒழிய அவள் வரக்கூடாது என்று சொல்லவில்லை. வேலிக் கதவைத் திறந்தாள். மண்ணைக் கிண்டாமல், மிலாறுக் குச்சித் துடைப்பத்தால் பூப்போலப் பெருக்கி, அகன்ற மரச் சட்டுவத்தால் வாரி வெளியே தள்ளினாள். அன்று தொடங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக் குளிரில் மூச்சுக்காற்று உதிர்ந்து விழும் காலையிலும், கருப்பு மண் தெரிய அந்த இடம் நடுக்கூடம்போல் இருந்தது. ஜூலையில் வந்தவர்கள் புல் முளைத்த தரையைப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், அளவை எடுத்துப் போனார்கள். ஜனவரியில் ஒருவரும் வரவில்லை. ஜனவரியில் குருங்-அலாஸுக்கு வருவது அறிவுள்ளவர்கள் செய்கிற காரியமும் அல்ல.

அளவுகள் வியப்பூட்டின. சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் மண் இளகிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் ஆண்டுக்காண்டு குளிர் ஆழமாக இறங்கியது. குளிர்காலக் காற்று பனியை அடித்துச் சென்றுவிடுகிறது என்று ஒரு கட்டுரை நிறுவியது. அவ்வூரில் ஜனவரியில் புகைபோக்கிப் புகை தூண்போல நிமிர்ந்து நிற்கும். காற்று என்ற ஒன்று அங்கே ஏப்ரலில்தான் எட்டிப்பார்க்கும். ஆனால் கட்டுரை எழுதப்பட்டது கதகதப்பான ஒரு நகரத்தில். அங்கே ஜன்னலுக்கு வெளியே நன்றாகக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் பெருமை ஏறியது. நுழைவில் பஹிலாய் ஒரு பலகை வைத்தார்: 'உறுதியான மண், உறுதியான மக்கள்.' கொபொரோஸின் பெயர் பொறித்து நார்வேயிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைப் பஹிலாய் தன் அலுவலகச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

பழைய பள்ளிக்கூடத்தின் நிலைமை மட்டும் இந்தப் பெருமையோடு ஒட்டவில்லை. மரக்கட்டடம். கதவுகளை ஆண்டுதோறும் இழைத்தால்தான் மூடும். தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியை உருட்டிவிட்டு எது முதலில் கீழ்ச்சுவரைத் தொடும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்றார்கள். மண்ணுக்கு எதுவும் ஆகவில்லை, அதற்குத்தான் நீலப் புள்ளி இருக்கிறதே. ஆகவே புதிதாக இரண்டு மாடிக் கல் கட்டடம் ஒன்று எழுப்ப மாவட்டம் ஒப்புக்கொண்டது. இடத்துக்கு இரண்டு யோசனை. ஒன்று, பழைய பள்ளிக்குப் பக்கத்திலேயே, பள்ளத்துப் புல்வெளியில். மற்றது, ஊருக்கு மேலே, இளகினாலும் அமிழாத மணல்மேட்டுப் பைன்காட்டில். மேட்டில் சாலை கிடையாது, கட்டடத்தைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாய் கிடையாது. பள்ளத்திலோ எல்லாம் இருந்தது. மண்ணைச் சோதிக்க வேண்டாமா என்று ஒரு பொறியாளர் கேட்டார். உலகமே ஒன்பது வருடமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறதே, இதற்குமேல் என்ன சோதனை என்றார் பஹிலாய். பொறியாளருக்கும் குளிர் விட்டுப்போனது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் கைதூக்கிவிட்டால் முடிந்தது.

பிப்ரவரியில் குன்னெய் தொலைபேசியில் அழைத்தாள். ஆசிரியர் அறை ஜன்னலோரத்தில் நின்றால்தான் பேச்சு கேட்கும். ஒரு கையில் துடைக்கும் துணியோடு நின்று கொபொரோஸ் பேசினாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா? அங்க எவ்வளவு குளிரு?"

"அம்பது. நேத்து அம்பத்து மூணு. இன்னிக்குக் கொஞ்சம் இளகிருச்சு. நீ தொப்பி போட்டுக்கிட்டுத்தானே வெளிய போற?"

"போட்டுக்கிட்டுத்தான். அக்கா, ஒரு சின்ன உதவி. இந்த வருஷத்துலேர்ந்து எல்லா ஊர்லயும் குழி பக்கத்துல பனி எவ்வளவு ஆழம்னு கேக்கறாங்க. ஒரு குச்சிய நட்டு அளந்து சொல்றீங்களா?"

"குச்சி எதுக்கு? இப்பவே சொல்றேன். ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"பனியே இல்லம்மா."

மறுமுனையில் நம்பிக்கை கலந்த ஒரு தயக்கம். "காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

"இங்க ஏது காத்து? நான் பெருக்கறேன்ல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கொபொரோஸ் ஜன்னலுக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

"இந்த வருஷம் மட்டுமா அக்கா?"

"என்னை என்னன்னு நெனச்ச? ஒரு நாள் விட்டதில்ல. போன வருஷம் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டுக் கைய தூக்க முடியாமக் கெடந்தேன். அப்பக்கூடக் கபிரில அனுப்பிப் பெருக்க வெச்சேன். அவன் பெருக்குனது பெருக்குன மாதிரி இல்ல, அது வேற விஷயம்."

"அக்கா, உங்க வீட்டு நிலவறை மேல பனி விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"வாரித் தள்ளுவோம்."

"எதுக்கு?"

"எதுக்கா? நல்லாக் கேட்ட. பனி கம்பளி மாதிரி மூடிக்கிட்டா குளிரு உள்ள எறங்காது. கோடைக்குள்ள கறி கெட்டுப்போயிரும். எறங்கட்டும்னுதான் தள்ளுறோம். இது உங்க அம்மாவக் கேட்டாலே..."

வாக்கியம் பாதியில் நின்றது. கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, அவள் சற்றுமுன் துடைத்த தரையில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அப்ப அந்தக் குளிரு," என்றாள் கடைசியில், "நான் எறக்குனதா?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. நாங்க இத்தனை பேரு இருந்து ஒருத்தரும் ஒரு குளிர்காலத்துக்குக்கூட வந்து எட்டிப் பாக்கல. அது பூமியோட கணக்கு இல்ல, உங்க கையோட கணக்கு."

"பெருக்காத எடத்துல?"

"மத்த ஊரு மாதிரிதான் இருக்கும்."

"அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துக்கு எடம் முடிவு பண்றாங்க. இந்தக் கணக்க வெச்சுத்தான்."

"நான் இன்னிக்கே மேல சொல்றேன். ஆனா அது மேசை மேசையா ஏறி எறங்கி உங்க மாவட்டத்துக்கு வர்றதுக்குள்ள கோடை வந்துரும்."

வீட்டில் கபிரில் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். குதிரை எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தான். "அவ்வளவு நாடும் நம்ம தொடப்பத்த அளந்துக்கிட்டு இருந்துருக்கு."

"புதுப் பள்ளிக்கூடத்த அந்தத் தொடப்பத்து மேலதான் கட்டப்போறாங்க," என்றாள் அவள்.

அதன்பிறகு அவன் சிரிக்கவில்லை.

கொபொரோஸ் எதையும் மறைத்துப் பழகாதவள். பஹிலாயிடம் நேரே போய்ச் சொன்னாள். பஹிலாய் அன்று தலையாட்டிவிட்டு, மறுநாள் விறகுக்கட்டைபோல உறைந்த இரண்டு பெரிய மீன்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். மீன்களை மேசைமேல் வைத்தார். அவை டங்கென்று ஒலித்தன.

"அக்கா, நீங்க பொய் சொல்ல வேணாம். யாரும் பொய் சொல்லச் சொல்லல. கூட்டத்துல சும்மா இருங்க. சும்மா இருக்கறது பொய்யா?"

"நீயும்தான் இத்தனை வருஷமாச் சும்மா இருக்க, பஹிலாய். நான் எப்பவாச்சும் பொய்னு சொன்னேனா?"

பஹிலாய் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மேடையில் பேசும் குரல் இல்லாமல் சொந்தக் குரலில் பேசினார். "இங்க பாருங்க. மேட்டுக்குப் போகணும்னா திட்டத்த முதல்லேர்ந்து போடணும். அதுக்குள்ள பக்கத்து ஊர்க்காரன் பள்ளிக்கூடத்தத் தூக்கிட்டுப் போயிருவான். நம்ம பசங்க ஏழு வயசுலேர்ந்து ஹாஸ்டல்ல கெடப்பாங்க. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல எந்தக் குடும்பம் நிக்கும்? மண்ணு எளகி ஊரு போறதுக்கு முந்தி, ஆளு எளகிப் போயிரும். நான் ஒண்ணும் எனக்காகக் கேக்கல."

அது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. மீனை எடுத்துப்போ என்றுகூடச் சொல்லாமல் விட்டாள்.

அடுத்த நாள் விடியலில் பனி விழுந்திருந்தது. பள்ளி முற்றத்தை மூலைக்கு மூலை பெருக்கியவள் வேலிக் கதவருகே வந்து நின்றாள். பெருக்கினால், தெரிந்தே செய்கிற திருட்டு. பெருக்காவிட்டால், ஊர் கண்டுபிடித்துவிடும். தோள் இரண்டும் தாமாகவே வேலையைத் தொடங்கப் பார்த்தன. அடக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். நடுப்பகலுக்குள் மூன்று பேர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். கடைக்காரி மார்பா ஒரு படி மேலே போய்ச் சுடச்சுட எலும்புச்சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள். மார்பா பக்கத்து வீட்டுக்காரி, பழைய தோழி, பழைய எதிரி. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று கொபொரோஸ் சொன்னதும் அவளுக்குக் கவலை இரட்டிப்பானது.

கூட்டம் மனமகிழ் மன்றத்தில் நடந்தது. மான்தோல் பூட்ஸ்களின் ஈரமும் அடுப்பின் அனலும் சேர்ந்து ஜன்னல்களில் வழிந்தன. பஹிலாய் பேசினார். உலகம் நம்மைப் பார்க்கிறது என்றார். கைதூக்கலாமா என்று கேட்பதற்குள் கடைசி வரிசையில் கொபொரோஸ் எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை.

"அந்தக் குழியில இருக்கற குளிரு மண்ணோடது இல்ல. நான் பனிய வாரி வெளிய போட்டதால எறங்குனது. நம்ம நிலவறைக்குச் செய்யற மாதிரியே செஞ்சுருக்கேன், தெரியாம. குன்னெய்கிட்டப் பேசிட்டேன், அவளும் சொல்லிட்டா. நான் பெருக்காத எடத்துல மண்ணு எளகிக்கிட்டுத்தான் இருக்கு. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது ஆண்டுப் பெருமை சரிந்து விழ எவ்வளவு சத்தம் வரும் என்று அந்த மன்றத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. சத்தமே வரவில்லை.

முதலில் வாய் திறந்தவள் மார்பா. "இதுல அழுகறதுக்கு என்ன இருக்கு? இவ பெருக்கினா மண்ணு உறுதியா நிக்குதுல்ல? அப்பப் பள்ளிக்கூடத்தப் பள்ளத்துலயே கட்டுங்க. இவளே பெருக்கட்டும்."

மன்றம் உயிர்பெற்றது. அதானே என்றார்கள். நம் பாட்டன்மார் செய்த வைத்தியம்தானே என்றார்கள். பனியைக் குதிரைகளை விட்டு மிதித்து இறுக்கலாம் என்றான் ஒருவன். முறை வைத்துப் பெருக்கலாம், தெருவுக்கு ஒரு வாரம் என்றான் இன்னொருவன். பஹிலாயின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சில கணங்களில் ஊரே துடைப்பமாக எழுந்து நின்றது.

"என்ன அக்கா," என்றார் பஹிலாய், "பெருக்குவீங்கதானே?"

அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். கொபொரோஸ் மறுபடி எழுந்தாள். வலது கையை உயர்த்தினாள். அது தோள்மட்டத்தில் நின்றுவிட்டது. இன்னும் உயர்த்தப் பார்த்தாள். முகம் சுளித்ததே தவிர கை ஏறவில்லை.

"இவ்வளவுதான் போகுது," என்றாள். "போன வருஷம் இதைவிட மேல போச்சு. அடுத்த வருஷம் எவ்வளவுன்னு தெரியாது. கல்லுக் கட்டடம் எத்தனை வருஷம் நிக்கணும்னு சொல்றீங்க? அத்தனை வருஷமும் பனி விழும். உள்ள முந்நூறு புள்ளைங்களுக்கு அடுப்பு எரியும். ஒரு குளிர்காலம் நாம மறந்தாலும் மண்ணு மறக்காது." பிறகு மார்பாவின் பக்கம் திரும்பினாள். "தெருவுக்கு ஒரு வாரம்னு சொல்றாங்களே. உன் மருமக உன் வீட்டு முத்தத்தையே மத்தியானத்துக்கு மேலதான் பெருக்குறா."

சிரிப்பு கிளம்பியது. மார்பாவின் மருமகளே சிரித்தாள். ஆனால் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அவள் கை இன்னும் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. தங்கள் பிள்ளைகள் ஏறி உட்காரப்போகிற அஸ்திவாரத்தை எல்லோரும் அப்போது கண்ணால் பார்த்தார்கள்.

மேட்டுக்குத்தான் கைகள் எழுந்தன. மலர்ந்து எழுந்தவை என்று சொல்ல முடியாது.

நல்லது செய்தவர்களுக்கு ஊர் என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். திட்டம் திரும்பிப் போனது. கல் கட்டடம் மரக் கட்டடமாகச் சுருங்கியது, இரண்டு மாடி ஒன்றானது. பக்கத்து ஊர்க்காரன் தூக்கிக்கொண்டு போகவில்லை, ஆனால் போகப் பார்த்தான். நடுவில் ஒரு குளிர்காலம் பழைய கட்டடம் தாங்காமல் பெரிய வகுப்புப் பிள்ளைகள் மன்றத்துச் சீட்டாட்ட மேசைகளில் பாடம் படித்தார்கள். புதுப் பள்ளிக்குப் போனபிறகும் சுடுநீர்க் குழாய் மேட்டுக்கு ஏறும்வரை கம்பளிக் கையுறையோடு எழுதினார்கள். அத்தனைக்கும் கொபொரோஸின் பெயர் அடிபட்டது. பள்ளத்துப் புல்வெளியைக் கடக்கும்போதெல்லாம் பஹிலாய் காலால் ஓங்கி மிதித்துக் காட்டுவார்: "பாருங்கக்கா, இன்னும் நிக்குது."

நிற்கட்டும் என்று அவளால் நினைக்க முடிந்தது, நினைத்தாள். நின்றுவிட்டால் பிள்ளைகள் விறைத்த விரலோடு எழுதியதற்கு யார் பொறுப்பு என்றும் நினைத்தாள். இரண்டையும் ஒரே மனதுக்குள் வைத்துக்கொண்டு தரை துடைத்தாள்.

கூட்டம் நடந்த அந்த ஆண்டு ஜூலையிலேயே ஹால்வர் வந்தார். வரைபடத்தில் அந்தப் புள்ளியை நீக்கியாகிவிட்டது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, ஒன்பது ஆண்டும் வெறுமை. வேலியருகில் வெகுநேரம் நின்றவர், எப்படிப் பெருக்குவீர்கள் என்று காட்டச் சொன்னார். வெறும் புல்லின்மேல் அவள் பெருக்கிக் காட்டினாள். அவர் ஏதோ சொன்னார். இம்முறை குன்னெய் மாற்றாமல் மொழிபெயர்த்தாள்: "இந்த ஜனவரிக்கு வர்றேன்னு சொல்றாரு."

"நல்ல பூட்ஸா வாங்கச் சொல்லு," என்றாள் கொபொரோஸ். "காலுல இருக்கறது பட்டணத்துச் செருப்பு."

அவர் ஜனவரியில் வந்தார். பனி முழங்கால் ஆழம் கிடந்தது. கொபொரோஸ் குச்சி நட்டு அளந்து சொன்னாள். பெருக்காமல் இருப்பதற்குத்தான் இப்போது அவள் பொறுப்பு. அந்த வேலையைப்போலக் கடினமான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் குழிக்குள் சூடு ஏறிக்கொண்டு வந்தது. குன்னெய் சொல்லும் எண்ணை அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள், ஊரில் பரப்ப மாட்டாள்.

மேட்டுப் பள்ளி திறந்த பிறகு தினமும் நடந்து ஏற முடியவில்லை என்று, கொபொரோஸும் கபிரிலும் வீட்டையே மேலே கொண்டுபோய்விடத் தீர்மானித்தார்கள். அங்கே வீடுகள் பெயரக்கூடியவை. மே மாதத்தில் கபிரில் சுவர்க்கட்டைகளுக்குக் கரியால் எண் போட்டான். உறவுக்காரர்கள் நாலு பேர் வந்து கூரையிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் தரைப்பலகை மட்டும் மிஞ்சியது. படுக்கையறை மூலையில் இரண்டு பலகைகளை நெம்பித் தூக்கியவன் அப்படியே நின்றான்.

பலகைக்குக் கீழே மண் இல்லை. ஒரு பள்ளம். ஓரத்தில் பழைய பனிக்கட்டி, கன்றுக்குட்டியின் கண்போல ஈரமாக மின்னியது. அதிலிருந்து நீர் கசிந்து உள்ளே கருப்பாகத் தேங்கியிருந்தது. கபிரில் நெம்புகோலைத் தலைகீழாக விட்டுப் பார்த்தான். அடி தட்டுப்படவில்லை. அதற்கு நேர் மேலேதான் அவர்களுடைய கட்டில் கிடந்தது.

உறவுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், சாவு வீட்டில் கழற்றுவதுபோல.

கொபொரோஸ் குனிந்து பார்த்தாள். பின் கன்று எதுவும் விழுந்துவிடாதபடி பலகைகளைத் திரும்பப் போடச் சொன்னாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். மார்பா வாசலில் உட்கார்ந்து பால் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, வீடு பிரிக்கற நேரத்துல ஊர்வலமா?" என்றாள் மார்பா. "மேட்டு மகாராணி பள்ளத்துக்கு வந்துருக்காங்க."

"உன் கட்டில நகத்தணும் மார்பா. தரைப்பலகையத் தூக்கிப் பாக்கணும்."

மார்பா மறுமொழி சொல்ல வாயெடுத்தாள். கொபொரோஸின் முகத்தைப் பார்த்தாள். பால்சட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய், கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள்.